டோக்கியோவுக்கு மூன்றரை வயது மகளோடு போகிறேன், ஃபிலிம் கேமரா எடுத்துப் போகலாமா?

கடைசிபெஞ்ச்:
எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் கடைசி வாரம் ஆறு நாள் டோக்கியோ போகிறோம். நான், மனைவி, மூன்றரை வயது மகள். கல்யாணத்துக்கு முன்னால் எங்கே போனாலும் என் நிக்கான் எஃப்எம்2 கழுத்தில் தொங்கும், ஒரு நாளைக்கு இரண்டு ரோல் காலியாகும். பாப்பா பிறந்த பிறகு அது அலமாரியில் துணி சுற்றிப் படுத்திருக்கிறது. போன வாரம் எடுத்து ஷட்டரை அமுக்கிப் பார்த்தேன், அந்தச் சத்தம் கேட்டதும் ஆசை வந்துவிட்டது. ஆனால் மகள் நடக்க ஆரம்பித்தால் நிற்கமாட்டாள், நின்றால் நகரமாட்டாள். நான் ஃபோகஸ் திருப்புவதற்குள் அடுத்த தெருவில் இருப்பாள். எத்தனை ரோல், எந்த ஃபிலிம், விமான நிலைய எக்ஸ்ரேயை எப்படிச் சமாளிப்பது, எங்கெல்லாம் போவது, எல்லாவற்றையும்விட இது கிறுக்குத்தனமா இல்லையா என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சும்மாதான்:
கிறுக்குத்தனம்தான். போன் இருக்கிறது. குழந்தை சிரித்தால் பத்து படம் எடு, ஒன்று தேறும். அரை கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு, முப்பத்தாறு படத்துக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டு, ஊருக்கு வந்து கழுவக் கொடுத்துக் காத்திருக்க வேண்டுமா? குழந்தையோடு போகிற பயணத்தில் ஒரு கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

இருட்டறை:
சும்மாதான் சொல்வதில் பாதி சரி, மீதிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் எக்ஸ்ரே.

ஃபிலிமை செக்-இன் பெட்டியில் போடவே போடாதீர்கள். அங்கே அடிக்கிற எக்ஸ்ரே கைப்பைக்கு அடிப்பதைவிடப் பல மடங்கு பலமானது, ஒரே தடவையில் மூட்டம் போட்டுவிடும். கைப்பையிலும் பழைய நிம்மதி இப்போது இல்லை. முன்பெல்லாம் ஐஎஸ்ஓ 400 ரோல் (இந்த எண் கூடக் கூட ஃபிலிமுக்குக் குறைந்த வெளிச்சம் போதும்) நாலைந்து தடவை ஸ்கேனருக்குள் போய் வந்தாலும் ஒன்றும் தெரியாது. இப்போது நிறைய இடங்களில் சிடி ஸ்கேனர் வந்துவிட்டது, அதில் விடவேண்டாம் என்று கோடக் கம்பெனியே எச்சரிக்கிறது. லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம் என்று சொன்னார்கள் என்றால் அனேகமாக அது சிடி மிஷின்தான், உஷாராகிவிடுங்கள். ரோல்களை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே இருப்பது தெரிகிற ஜிப் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டி பெல்ட்டில் ஏறுவதற்கு முன்னாலேயே கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஜப்பானில் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள், துடைத்து எடுக்கிற ஒரு பட்டையை ரோல் மேல் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஈயப் பையை நம்பாதீர்கள். திரையில் கறுப்பாகத் தெரிந்தால் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் லாபம்.

இன்னொன்று, பாதி ஓடிய ரோலைக் கேமராவுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ரோலுக்கு ஒத்துக்கொள்கிற ஆள் கேமராவுக்கு ஒத்துக்கொள்ளமாட்டார்.

இதையெல்லாம்விட நல்ல வழி, திரும்புவதற்கு முன்னால் அங்கேயே கழுவிவிடுவது. கழுவின ஃபிலிமை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. டோக்கியோவில் பெரிய கேமரா கடைகளில் கலர் நெகட்டிவ் பல நேரம் அன்றைக்கே கிடைத்துவிடும், கறுப்பு வெள்ளைக்குத்தான் நாள் பிடிக்கும்.

கடைசிபெஞ்ச்:
இருட்டறை ஐயா, இதற்குத்தான் இங்கே கேட்டேன். அங்கேயே கழுவலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியென்றால் கறுப்பு வெள்ளை வேண்டாமா? இரண்டு ரோல் எச்பி5 வைத்திருக்கிறேன்.

எச்பி5 அடிமை:
பெயரைப் பார்த்தாலே என் பதில் தெரியும், ஆனாலும் இந்தப் பயணத்துக்கு ஒரே ஃபிலிமாக எடுத்துப் போங்கள் என்றுதான் சொல்வேன். பையில் மூன்று வகை இருந்தால் எதை மாட்டுவது என்று யோசிக்கிற நேரத்தில் குழந்தை குட்டையில் இறங்கியிருக்கும். ஐஎஸ்ஓ 400 கலர் நெகட்டிவ், அல்ட்ராமேக்ஸோ போர்ட்ராவோ பட்ஜெட்டைப் பொறுத்து. 200 போதாது. நவம்பர் கடைசியில் டோக்கியோவில் சாயங்காலம் நாலரைக்கே சூரியன் இறங்கிவிடும். நாலு மணிக்குப் பாப்பா தூங்கி எழுந்து குஷியாக இருக்கும்போது உங்களுக்கு வெளிச்சம் இருக்காது.

ஃபோகஸ் விஷயம். 50 எம்எம் லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு ஒரு 35 எம்எம் கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள். லென்ஸ் துவாரம் எஃப் 8, ஃபோகஸ் மூன்று மீட்டர், வளையத்தில் ஒரு சின்ன டேப் ஒட்டிவிடுங்கள், நகரவே கூடாது. கிட்டத்தட்ட இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். குழந்தை உங்களிடமிருந்து இருக்கிற தூரமும் அதுதான். மேகமோ நிழலோ என்றால் ஷட்டர் 1/250 நொடி, நல்ல வெயில் என்றால் எஃப் 11, 1/1000. ரயிலுக்குள் எஃப் 2.8, 1/60, அப்போது மட்டும் டேப்பைப் பிய்த்துவிட்டு ஃபோகஸ் பார்த்துக்கொள்ளுங்கள், ரயிலில் அவள் உட்கார்ந்துதானே இருப்பாள். வெளிச்சம் அளக்கிற மீட்டரை ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டாம், நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் ஒரு ஸ்டாப் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) அதிகமானால் கோபித்துக்கொள்ளாது. குறைந்தால்தான் கோபித்துக்கொள்ளும்.

தங்கமீன்:
எல்லோரும் லென்ஸ் பேசுகிறீர்கள், நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். என் வீட்டுக்காரரும் இப்படித்தான். இரண்டு பிள்ளைகளோடு ஹாங்காங் போனோம். ஐந்து நாள், ஐந்து ரோல். ஊருக்கு வந்து பார்த்தால் படமெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர் அந்தச் சந்தில் வெளிச்சம் வரட்டும் என்று நின்ற பதினைந்து நிமிடமும் சின்னவனைத் தூக்கிக்கொண்டு, பெரியவளுக்கு டாய்லெட் தேடிக்கொண்டு நின்றது நான். ஐந்து ரோலில் நான் இருப்பது இரண்டு படம், இரண்டிலும் ஈரத் துடைப்பானோடு இருக்கிறேன். கடைசிபெஞ்ச் அண்ணா, உங்கள் வீட்டில் கேட்டீர்களா? பதிவில் மனைவி என்று ஒரு இடத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

சும்மாதான்:
இதைத்தான் நான் ஒரு கை காலியாக இருக்க வேண்டும் என்றேன் 😀

கடைசிபெஞ்ச்:
தங்கமீன், நேற்று ராத்திரி உங்கள் பதிவைப் படித்துவிட்டு அவளிடமே போனை நீட்டினேன். படித்துவிட்டு "யார் இந்தம்மா, எனக்கு நம்பர் வேண்டும்" என்றாள். பேசினோம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் எனக்கு, ஒரு மணி நேரம் அவளுக்கு, அந்த நேரத்தில் மற்றவர் மகளைப் பார்த்துக்கொள்வது என்று முடிவு. அவள் நேரத்தில் என்ன செய்வாளாம் என்று கேட்டால், தனியாகப் போய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பாளாம்.

தங்கமீன்:
அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஹாங்காங் என்று சொன்னதால் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே டிராம் 1904-லிருந்து ஓடுகிறது, இரண்டு அடுக்கு. பின்னால் ஏறி, இறங்கும்போது முன்னால் காசு கொடுப்பது. மேல் மாடியில் முன் சீட் கிடைத்தால் பிள்ளைகளுக்கு அது ராட்டினம், அவருக்கு அது தெருவுக்கு மேலே நகர்கிற ஒரு ஜன்னல். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை நடந்தது அந்த ஒரு இடத்தில்தான். ஆனால் ஸ்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது, இடுப்பிலேயே தூக்கினோம்.

நடைவண்டி:
டோக்கியோவில் நாலு வருஷம் இருந்தேன், மகன் அங்கேதான் நடக்கப் பழகினான். தங்கமீன் டிராம் என்றதும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. டோக்கியோவிலும் ஒன்று மிச்சம் இருக்கிறது, அரகாவா லைன், இப்போது சகுரா டிராம் என்று பெயர் போட்டிருக்கிறார்கள். மினோவாபஷியிலிருந்து வசேதா வரை 12 கிலோமீட்டர் சொச்சம், 30 நிறுத்தம். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை பெரியவரோடு வந்தால் இலவசம். மெட்ரோவிலும் ஜேஆர் ரயிலிலும்கூட அப்படித்தான், ஒரு பெரியவருக்கு இரண்டு குழந்தைகள் வரை. மினோவாபஷி நிறுத்தமே ஒரு படம், பக்கத்தில் கூரை போட்ட பழைய கடைத்தெரு. அங்கிருந்து ஏறி அசுகயாமாவில் இறங்குங்கள். பூங்காவில் ஒரு நிஜ நீராவி எஞ்சினும் பழைய டிராம் பெட்டி ஒன்றும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் ஏறி விளையாடலாம். மேலே ஏற நத்தை மாதிரி ஒரு சின்ன வண்டி, அதுவும் இலவசம். அங்கே அரை நாள் ஓடிவிடும், நீங்கள் ஃபிலிமை நிதானமாக மாற்றலாம்.

அடுத்தது நிப்போரி. ஸ்டேஷன் வடக்கு வாசலில் வெளியே வந்தால் ஒரு பாலம், கீழே பதினான்கு தண்டவாளம். யாமனோத்தே, ஸ்கைலைனர், சுரங்கத்திலிருந்து மேலே வருகிற ஷின்கான்சென் எல்லாம் அடியில் போகும். பாலத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பதற்கென்றே பால்கனி மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். என் மகன் அங்கே ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து நின்றதில்லை. அங்கிருந்து யானகா கடைத்தெரு நடக்கிற தூரம், படிக்கட்டில் இறங்கும்போது சாயங்கால வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்கும்.

கூட்டத்துக்குப் பெயர்போன ஷிபுயா கிராசிங்குக்குக் குழந்தையோடு போய் நடுவில் நின்று படம் எடுக்கிற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். தூக்கிக்கொண்டு ஒரு தடவை கடந்துவிட்டு வாருங்கள், போதும். ஸ்டேஷன்களில் லிஃப்ட் இருக்கும், ஆனால் பல இடத்தில் பிளாட்பாரத்தின் ஒரே ஒரு மூலையில் இருக்கும். நாம் எப்போதும் எதிர் மூலையில்தான் இறங்குவோம். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை ரயில் பக்கம் போகவே வேண்டாம்.

இருட்டறை:
நடைவண்டி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தில் கேமரா பைக்குள் இருக்கட்டும். வியூஃபைண்டரில் கண் வைத்தால் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது, நாம் ஒரு நொடி என்று நினைப்பது பத்து நொடி. ஓட்டுநர் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதும் கூடாது. மற்றவர்கள் பிள்ளைகளைக் கேட்காமல் எடுக்காதீர்கள், ஜப்பானில் இது விஷயமாக ரொம்பக் கவனமாக இருப்பார்கள். நமக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்.

அப்புறம், பாப்பாவுக்கென்று ஒரு டிஸ்போஸபிள் கேமரா வாங்கிக் கொடுங்கள். ஃபூஜி 1986-லிருந்து விற்கிறது, அங்கே உட்சுருன்டெசு என்று பெயர். 27 படம், ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் உள்ளேயே இருக்கும், ஃபோகஸும் கிடையாது ஒன்றும் கிடையாது, பல்சக்கரத்தைச் சுற்றி அமுக்க வேண்டியதுதான். அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஃபிலிம் முழுவதும் முன்னாலேயே வெளியே சுற்றப்பட்டிருக்கும், எடுக்க எடுக்க ஒவ்வொன்றாக உருளைக்குள் போகும். குழந்தை உடைத்துத் திறந்தாலும் எடுத்த படங்கள் தப்பித்துவிடும். உங்கள் எஃப்எம்2-வில் இது தலைகீழ், பின்கதவைத் திறந்தால் எடுத்ததுதான் போகும். அந்தக் கதவுத் தாழ் இருக்கிற ரீவைண்ட் குமிழ் பளபளவென்று இருக்கும், மூன்றரை வயதுக்கு அதைவிட ஆசையான பொருள் உலகத்தில் கிடையாது.

சும்மாதான்:
சரி, டிஸ்போஸபிள் எனக்கும் பிடித்திருக்கிறது. நானும் தோற்றுப்போகிறேன் போல. இத்தனை பேர் டோக்கியோ டோக்கியோ என்கிறீர்கள், தைபே யாரும் சொல்லவில்லையே? போன வருஷம் போனேன், போனோடுதான். மெட்ரோவில் ஸ்ட்ரோலருக்கு அவ்வளவு வசதி. ஆனால் மெட்ரோவுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, அபராதம் 1500 தைவான் டாலரிலிருந்து தொடங்குகிறது. வாசலிலேயே குடிக்க வைத்துத்தான் உள்ளே கூட்டிப் போனோம். ஊரின் பழைய வடக்கு வாசல் பக்கம் கேமரா தெரு என்றே ஒன்று இருக்கிறது, கடைக்குக் கடை பழைய கேமரா. நானே ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன், யாரிடமும் சொல்லாதீர்கள்.

எச்பி5 அடிமை:
ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாயிற்று.

கடைசிபெஞ்ச்: (மூன்று வாரம் கழித்து)
போய் வந்தாயிற்று. கதை பெரியது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயில் போகும்போதே சறுக்கினேன். கிளம்பின இடத்தில் ஜிப் பையை நீட்டினேன், சிரித்தேன், எல்லாம் செய்தேன். "ஒன்றும் ஆகாது சார்" என்று வாங்கி டிரேயில் போட்டுவிட்டார்கள். நல்ல வேளை பழைய மிஷின், ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் வயிறு கலங்கியது. திரும்பும்போது ஜப்பானில் கேட்டதும் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு அம்மா ஒவ்வொரு ரோலாக எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் நான்கு ரோலைக் கழுவிவிட்டேன், வெறும் மிச்ச ரோலுக்குத்தான் இத்தனை மரியாதை.

முதல் நாள் அசகுசா. கோவில் வாசலில் பெரிய சிவப்பு விளக்குக்குக் கீழே மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள், மூன்று மீட்டர், எஃப் 8, டேப் ஒட்டின லென்ஸ், எல்லாம் பாடம் படித்தபடி. எடுத்தேன், எடுத்தேன், கவுண்டர் 36-க்கு வந்துவிட்டது, லிவர் இன்னும் போகிறது. அப்போதுதான் நெஞ்சு கனத்தது. லிவரை இழுக்கும்போது இடது பக்கம் ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பார்த்தால் அசையவே இல்லை. ஃபிலிம் நுனி பல்லில் மாட்டவே இல்லை. காலையில் ஹோட்டலில் லோட் பண்ணும்போது ஷூ மாட்டிவிடச் சொல்லி ஒருத்தி காலை என் மடியில் வைத்திருந்தாள், அந்த அவசரத்தில் நடந்தது. அன்றைக்கு முழுவதும் நான் எடுத்தது காற்றை. மனைவி போனில் எடுத்திருந்ததால் விளக்கும் மகளும் இருக்கிறார்கள், சும்மாதான், சிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாளிலிருந்து மகள் தூங்கின பிறகுதான் ஃபிலிம் மாற்றினேன். ஸ்ட்ரோலரில் மதியம் பன்னிரண்டரைக்குத் தூங்கினால் இரண்டரை வரை எழமாட்டாள். அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் ஆளுக்கொரு மணி நேரம். மதியம் என்றால் வெளிச்சம் தலைக்கு மேலே நின்று பாழ் பண்ணும் என்று நினைத்திருந்தேன், அங்கே நவம்பரில் பன்னிரண்டு மணிக்கே சூரியன் தாழ்வாகத்தான் இருக்கிறது, சுவரில் நிழல் நீளநீளமாக விழுகிறது. யானகாவில் ஒரு சந்தில் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டே ஒரு முழு ரோல் எடுத்தேன், மனைவியின் நேரத்தில். அவள் டீக்கடையில். (தள்ளுகிற கை ஒன்று, கேமரா ஒன்று, அதனால் பாதிப் படம் கோணல்.)

நிப்போரி பாலத்துக்கு நடைவண்டி அண்ணனுக்குக் கோயில் கட்டலாம். ஐம்பது நிமிடம். மகள் கம்பியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள், ஒவ்வொரு ரயிலுக்கும் டாட்டா. எந்த ரயிலும் பதிலுக்குக் கை காட்டவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று ஹாரன் அடித்தது, எதற்கு அடித்ததோ, அவள் தனக்குத்தான் என்று முடிவு பண்ணிவிட்டாள். நான் அங்கே எடுத்தது மூன்றே படம். மூன்றாவதில் கம்பி அச்சு பதிந்த மூக்கு. இந்த ஆறு நாளில் அதைவிட நல்ல படம் நான் எடுக்கவில்லை. போனாக இருந்தால் அறுபது எடுத்திருப்பேன், அந்த ஹாரனைக் கவனித்திருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன், சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எட்டு ரோல் கொண்டுபோனேன். ஐந்து ஓடியது, அதில் ஒன்று காற்று.

இருட்டறை:
அந்தக் காற்று ரோல் வீணில்லை, மறுபடி மாட்டி எடுக்கலாம், வெளிச்சம் பட்டது நுனி மட்டும்தான். பாப்பாவின் கேமரா என்ன ஆயிற்று? அதைச் சொல்லவில்லையே.

கடைசிபெஞ்ச்:
அதை மட்டும் ஊருக்கு வந்துதான் கழுவினேன், நேற்றுத்தான் வந்தது. 27-இல் ஆறு விரல், நாலு தரை, ஒன்று அம்மா டீக் குடிக்கிறது (தங்கமீன், இதைப் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொல்லியிருக்கிறேன், ஈரத் துடைப்பான் இல்லை), டிராம் ஜன்னலில் யாரோ ஒரு தாத்தாவின் தொப்பி, அசுகயாமா எஞ்சினின் ஒரு சக்கரம் மட்டும். என்னை ஒன்பது தடவை எடுத்திருக்கிறாள், எல்லாம் கீழேயிருந்து. ஒன்பதிலும் எனக்கு முகம் இருக்கிற இடத்தில் எஃப்எம்2 இருக்கிறது.

தங்கமீன்:
ஒன்பதுமா?

கடைசிபெஞ்ச்:
எட்டு. ஒன்பதாவதில் குனிந்து அவளுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறேன், உச்சந்தலை மட்டும் தெரிகிறது. அங்கே முடி கொட்டியிருப்பது எனக்கு இதுவரை தெரியாது.